அம்மா ரேடியோவில் பேசிய நாள்

எங்கள் அம்மா ரேடியோவோடு சண்டை போடுவாள். அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊரில் இருந்தது ஒரே ஒரு ரேடியோதான். பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். கூரைமேல் குழாய் ஸ்பீக்கர். பொழுது சாய்கிற நேரத்தில் பஞ்சாயத்து ஆள் வந்து பூட்டைத் திறந்து முடுக்கினால், ஊத்துக்கோட்டை ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக்கூட மெட்ராஸிலிருந்து பேசுகிறவர்களின் குரல் கேட்கும்.

கிராமத்து ஜனங்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி வரும். இரண்டு பேர் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோலப் பேசுவார்கள். ஒருவர் சந்தேகம் கேட்பார், இன்னொருவர் கனத்த குரலில் விளக்குவார். அந்தக் கனத்த குரல்காரருக்கு எங்கள் ஊரில் ரேடியோ அண்ணன் என்று பெயர். உரம், விதை, எல்லையில் நடக்கிற சண்டை, புதுப் படி, புது எடை என்று தேசத்தில் நடக்கிற எல்லாவற்றையும் அவர் மாட்டையும் மழையையும் பற்றிப் பேசுகிற பாஷையில் சொல்லிவிடுவார். ஜனங்கள் பதில் சொல்லிக்கொண்டே கேட்பார்கள். நாட்டில் அரிசிக்குப் பஞ்சம், வாரத்தில் ஒருவேளை சோற்றை விட்டுக்கொடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டபோது, வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"ஒருவேளையா? அப்போ மீதி வேளைக்கெல்லாம் அவன் ஊட்லேர்ந்து சோறு வருதாமா?"

அம்மா சொன்னது மெட்ராஸுக்குக் கேட்காது என்பதுதான் அவளுடைய வருத்தம்.

அக்கா அப்படியில்லை. அவள் பஞ்சாயத்து ஆபீஸுக்கே போய் உட்கார்ந்து கேட்பாள். ரேடியோ கேட்டுவிட்டு அதைப்பற்றிக் கூடிப் பேசுவதற்கென்று ஊரில் ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். முழுக்க ஆம்பிளைகள். கழனி வேலை முடிந்து காலைக் கழுவிக்கொண்டு அக்கா மட்டும் அங்கே போவாள். முதலில் முறைத்தார்கள். பிறகு, உரம் போடுகிற விஷயத்தில் அவள் கேட்ட கேள்வியை மன்றத்தின் கேள்வியாக ரேடியோவுக்கு அனுப்ப, அண்ணன் அதற்குப் பதிலும் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவளுக்கென்று ஒரு பாய் போட்டு வைத்தார்கள்.

அக்கா என்னைவிடப் பத்து வயது பெரியவள். நான் பிறப்பதற்கு முன்பே அவளுக்குப் பெரியம்மை வந்து போயிருந்தது. முகம் முழுக்கத் தழும்பு, இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் அவளை வேறு முகத்தில் பார்த்ததேயில்லை என்பதால் சின்ன வயதில் எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அவளைத் தாண்டி என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, அவளுக்கு ஆகவில்லை. என் கல்யாணத்தில் பந்தி முழுக்க அவள்தான் பரிமாறினாள். யாராவது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாம்பாருக்குக் கை நீட்டினால், "இலைய பாத்து சாப்டுங்கோ, நான் எங்க போய்டப்போறேன்" என்பாள்.

என் வலது கையின் மேல்புறத்தில் அம்மை குத்திய வடு இரண்டு உண்டு. எனக்குக் குத்தியிருக்க, அக்காவுக்கு ஏன் குத்தவில்லை என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் நம் ஊருக்கு ஆள் வரவில்லை என்றாள் அம்மா. எனக்குக் கைக்குழந்தையிலேயே எங்கள் அப்பா, நைனாதான், தோளில் போட்டுக்கொண்டு ஊத்துக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்க் குத்திக்கொண்டு வந்தாராம். நைனா அதிகம் பேசாதவர். அதைப்பற்றியும் பேசியதில்லை.

முதல் பிரசவத்துக்கு நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மகன் பிறந்து தலை நிற்கிற சமயம். ஒருநாள் சாயங்காலம் ரேடியோ அண்ணன் பெரியம்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தேசத்தைவிட்டே அதை விரட்டப்போகிறார்கள், வீடு வீடாக வந்து குத்துவார்கள், எந்த ஊரிலாவது காய்ச்சலும் கொப்புளமும் கண்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றார். அதுவரை சரி. அடுத்து, இது சாமி குத்தம் இல்லை, வெறும் கிருமி, வேப்பிலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது முட்டாள்தனம் என்றார்.

எங்கள் பக்கத்தில் அதை வியாதி என்று வாயால் சொல்லமாட்டார்கள். ஆத்தா வந்திருக்கா என்பார்கள். அவள் வந்த வீட்டில் தாளிக்கமாட்டார்கள், சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள், வெளியாள் உள்ளே வரமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி வழியனுப்பும்வரை அந்த வீட்டில் அவள் விருந்தாளி. அவளைப் போய்க் கிருமி என்கிறாரே! யாரோ சொல்லிப் பஞ்சாயத்து ஆள் ரேடியோவை அணைத்துவிட்டார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வாய பாரு அவனுக்கு. ஆத்தா காதுல உழாம இருக்கணும்."

அந்த வாரமே என் வீட்டுக்காரர் குழந்தையைப் பார்க்க வந்தார். அவருக்கு எண்ணூர்ப் பக்கம் ஃபேக்டரியில் வேலை. லீவு நாளில் கும்மிடிப்பூண்டிவரை ரயிலில் வந்து அங்கிருந்து பஸ் மாறி வருவார். சாப்பிட்டுக் கை கழுவியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

"அத்தே, எங்க ஃபேக்டரியில எல்லாருக்கும் அம்மை குத்திட்டாங்கோ. இங்க ஆளு வந்தா கொழந்தைக்கும் குத்திடலாம்."

அம்மா தலையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "உங்க புள்ள மாப்ள. உங்க ஊட்டுக்கு இட்டுனு போய் இன்னா வேணாலும் பண்ணுங்கோ. இந்த ஊட்ல வேணாம்."

"இல்ல அத்தே..."

"பச்ச ஒடம்பு. ரத்தம் வர கிழிப்பானுங்கோ. அதுல ஜுரம் வந்து இன்னா ஆவும்னு எவன் பாக்கறான்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். அக்கா கதவோரம் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சில் அவள்தான் எதையாவது சொல்வாள் என்று நினைத்தேன். முறத்திலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

மறுநாள் மன்றத்தில்தான் பேசியிருக்கிறாள். அண்ணன் பேசியது தப்பு, ஆனால் அவர் சொன்ன விஷயம் தப்பில்லை, ரெண்டையும் சேர்த்தே எழுதுங்கள் என்று. மன்றத் தலைவர் அப்படியே ரேடியோவுக்கு எழுதிப் போட்டார். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ரேடியோக்காரர்கள் நம் ஊருக்கே வருகிறார்கள், ஊர் ஜனங்கள் பேசுவதைப் பிடித்துக்கொண்டு போய் ரேடியோவில் போடப்போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது. வேனிலிருந்து இறங்கிய ரேடியோ அண்ணனைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஏமாற்றம். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, காற்றடித்தால் சாய்கிற மாதிரி இருந்தார். "இந்த ஒடம்புலேர்ந்தா அந்தக் கொரலு வருது?" என்று என் பின்னால் யாரோ கேட்டார்கள். அவர் வாயைத் திறந்து வணக்கம் சொன்னார். அதே குரல்தான். பிள்ளைகள் கைதட்டின.

ஸ்டூல்மேல் மைக். பக்கத்தில் டேப் மிஷின், அதற்கு முன்னால் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒருவர். நான் கதவுக்குப் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்தேன், அழுதால் எழுந்து போக வசதியாக. அம்மா பெண்கள் கூட்டத்தில் கடைசி வரிசை. "அவன் இன்னா சொல்றான்னு கேக்கறதுக்குத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.

பஞ்சாயத்துத் தலைவர் முதலில் பேசினார். எலெக்ஷன் மேடையில் பேசுவதுபோல் பேசினார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "தலைவரே, டீக்கடையில பேசற மாதிரி பேசுங்க, போதும்" என்றார். அதற்குப்பின் தலைவருக்குப் பேச்சே வரவில்லை. இன்னும் இரண்டு பேர் அரசாங்கம் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம் என்று மொட்டையாகச் சொன்னார்கள். அப்போது என் மகன் அழ ஆரம்பித்தான். நான் எழுந்தேன்.

"உக்காரும்மா" என்றார் அண்ணன். "அவன் அழறது கேக்கட்டும். இந்தப் பேச்செல்லாம் அவனுக்காகத்தானே."

பிறகு அக்கா பக்கம் மைக்கைத் திருப்பினார். அவள் கூச்சப்படவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழனியில் அடுத்த வரப்பில் நிற்பவளிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"எம்மூஞ்சிய ரேடியோவுல பாக்க முடியாது. அதனால நானே சொல்லிடறேன். ஏழு வயசுல எனக்கு ஆத்தா வந்தா. ஒரு கண்ணு பார்வ போய்டுச்சி. மூஞ்சி பூராக் குழி. தண்ணி எடுக்கப் போனா எதிர்ல வரவங்க நின்னு பாத்துட்டுத்தான் போவாங்கோ. எனக்குப் பழகிடுச்சி. இனிமே ஒருத்தருக்குப் பழக வேணாம்."

அண்ணன் கேட்டார். "உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை குத்தலையா?"

"இல்லிங்க. அப்போ எங்க ஊருக்கு யாரும் வரல."

"வந்தாங்க."

கடைசி வரிசையிலிருந்து வந்தது அந்தக் குரல். எல்லாரும் திரும்பினோம். அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"வந்தாங்க. அவ பொய் சொல்றா. ரெண்டு பேரு வந்தாங்க. ஊடு ஊடாப் பாத்துக்கினு வந்தாங்க. நான்தான் இவள நெல்லுக் குதிர்ல எறக்கி மூடி வச்சேன். மூச்சு முட்டப்போவுதுன்னு ஓரமாக் கொஞ்சம் சந்து உட்டேன். எனக்குப் புள்ளயே இல்லன்னு அவங்களாண்ட சொன்னேன்."

குதிர் என்றால் ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்து நெல் கொட்டி வைக்கிற தொம்பை. எங்கள் வீட்டு இருட்டறையில் அது எப்போதும் நின்றிருந்தது. நான் அதன் பக்கத்தில்தான் படுத்து வளர்ந்தேன்.

அம்மா இன்னும் நின்றுகொண்டேயிருந்தாள்.

"இவ உள்ள சத்தமே போடல. அம்மா சும்மா இருக்கச் சொன்னான்னு வாய மூடிக்கினு இருந்தா. அன்னிக்கு அவ அழுதிருந்தா புடிச்சிக் குத்தியிருப்பாங்கோ. என் பேச்சக் கேட்டுட்டா, பாவி மவ."

டேப் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் மைக்கை அம்மா பக்கம் நீட்டவும் இல்லை, மிஷினை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அக்காதான் பேசினாள், திரும்பிப் பார்க்காமல்.

"அது எனக்குத் தெரியும்மா."

"தெரியுமா?"

"குதிருக்குள்ள இருந்தது நான்தானே. எனக்குத் தெரியாதா?"

அம்மா உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துப் பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா மைக்கைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கம்மா கெட்டதுக்குச் செய்யல. பயந்துட்டாங்கோ. நீங்க ஆத்தாவத் திட்டினா, பயந்தவங்க புள்ளைங்கள இன்னும் உள்ள கொண்டு போய்த்தான் ஒளிச்சி வைப்பாங்கோ. அவங்க இன்னாத்துக்குப் பயப்படறாங்கோன்னு முதல்ல கேளுங்க. அப்பால ஊசியப் பத்திப் பேசுங்க."

"சரிம்மா" என்றார் அண்ணன். ரேடியோவில் அவர் அப்படி ஒற்றை வார்த்தையில் பேசி நாங்கள் கேட்டதில்லை.

பதிவு முடிந்து கூட்டம் கலைகிறபோது அவர் அம்மாவைத் தேடிக்கொண்டு வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அம்மா, நீங்க பேசினத ரேடியோவுல போடலாமா? வேணாம்னா இப்பவே வெட்டிடறேன். வெளியூர்ல யாருக்கும் தெரியாது."

அம்மா அக்காவைப் பார்த்தாள். "உம்பேச்சு. நீ சொல்லு" என்றாள் அக்கா.

"போடுங்க" என்றாள் அம்மா. "எம்பேரு மட்டும் வேணாம்."

வீட்டுக்கு வந்து அம்மா சோறு வடித்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். மறுநாள் காலையில் மூன்று பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். தலை நிமிராமல் அம்மா கேட்டாள்.

"தெரிஞ்சிக்கினே இத்தினி வருசமா ஒரு வார்த்த கேக்கலியேடி."

"கேட்டா நீ இன்னா பண்ணியிருப்ப?"

"அழுதிருப்பேன்."

"அதுக்கு ஏன் கேக்கணும்?" என்றாள் அக்கா. முற்றிய தண்டு ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "எனக்குக் கோவம் வரும்மா. வராதுன்னு இல்ல. வந்தா கழனிக்குப் போய்டுவேன்" என்றாள்.

அம்மா கீரைக் கையோடு அவள் முழங்காலைத் தொட்டாள். கையை எடுக்கவில்லை. அக்கா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. அம்மாவின் கையைத் தள்ளிவிடவும் இல்லை.

நிகழ்ச்சி ஒலிபரப்பான சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நிற்க இடமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அக்கா தன் பாயில் உட்கார்ந்திருந்தாள். அம்மா வரவில்லை. எனக்கு மனசு கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மாட்டுக் கொட்டகையில் அம்மா கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், தரையில், நைனா. மன்றத்து ஆட்களோடு இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஸ்பீக்கர் குழாயிலிருந்து என் மகனுடைய அழுகைச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. அப்புறம் அக்கா. அப்புறம், "வந்தாங்க."

அம்மா தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுடையது என்றே நம்ப முடியவில்லை அவளால். பேச்சு முடிந்ததும் நைனா சொன்னார்:

"அவங்க வந்தன்னிக்கு நானும் ஊட்லதான் இருந்தேன். குதிர் மூடியத் தூக்கிக் குடுத்தவன் நான். அத உட்டுட்டியே."

"உங்கள ஏன் இழுக்கறதுன்னுதான்" என்றாள் அம்மா.

என் கைவடுவை நான் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை. நைனா என்னை எந்த மனசோடு அன்றைக்கு ஊத்துக்கோட்டைக்குத் தூக்கிப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மை குத்துகிறவர் வந்தபோது ஊரில் யாரும் ஓடி ஒளியவில்லை என்று சொல்லமாட்டேன். சில வீடுகள் பூட்டியிருந்தன. அந்த வீடுகளுக்கு அம்மாதான் போனாள். கதவைத் தட்டி, வெளியிலிருந்தே பேசினாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. சிலர் திறந்தார்கள். திறக்காத வீட்டைப் பார்த்து அவள் திட்டவில்லை, மறுபடி சாயங்காலம் போனாள். தெலுங்கு பேசுகிற குடும்பம் ஒன்று ஆற்றங்கரைப் பக்கம் இருந்தது. அவர்களிடம் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் பேசிக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

என் மகனை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். முன்பின் பார்க்காத ஆள் கையைப் பிடித்ததும் அவன் வீறிட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா அவனைச் சமாதானப்படுத்தவில்லை.

"அழுடா ராஜா, நல்லா அழு" என்றாள்.

ஒரு வாரம் கழித்து ஒரு ராத்திரி அவனுக்கு ஜுரம் அடித்தது. அம்மா என்னைத் தூங்கவைத்துவிட்டு விடியும்வரை அவனை நெஞ்சோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வேப்பிலைக் கொத்து ஒன்றைத் தொட்டிலில் செருகியிருந்தாள். மறுநாள் வந்து பார்த்த அம்மை குத்துகிறவர் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் குழந்தை சிரித்தான்.

அதன்பிறகு ரேடியோ அண்ணனின் பேச்சும் மாறியது. பெரியம்மையைப் பற்றிப் பேசும்போதெல்லாம், ஆத்தா வந்த வீட்டில் என்ன முறை செய்வீர்களோ செய்யுங்கள், கூடவே இதையும் செய்யுங்கள் என்று ஆரம்பிப்பார். அம்மா வாசலில் நின்று, "இப்போ ஒழுங்காப் பேசறாரு" என்பாள். அவர் "அவன்" ஆக இருந்து "அவரு" ஆனது அப்போதுதான். சண்டை நிற்கவில்லை. சீமை உரத்தைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அவளுக்குக் கடைசிவரை பிடிக்கவேயில்லை.

அக்காவை மெட்ராஸ் ஸ்டேஷனுக்கே இரண்டொரு தடவை கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செங்குன்றம் பக்கமிருந்து ஒரு ரெண்டாந்தாரச் சம்பந்தம் வந்தது. வந்தவரோடு கொஞ்சநேரம் பேசிப் பார்த்துவிட்டு, "வேணாம்மா, அவருக்குச் சோறாக்க ஆள் வேணும், அவ்ளோதான்" என்று அனுப்பிவிட்டாள். ஊரில் பால்வாடி திறந்தபோது அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சின்னப் பிள்ளைகள் அவள் கன்னத்துக் குழிகளில் விரலை வைத்து வைத்து விளையாடும். அவளும் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எழுபதுகளின் பாதியில் நாங்கள் கும்மிடிப்பூண்டியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். வீட்டில் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. ஒருநாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது, பெரியம்மை இப்போது நம் தேசத்தில் எங்குமே இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். அடுப்பை அணைத்தேன். சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போவதற்குள் ஊருக்கே சேதி தெரிந்திருந்தது. அம்மா மோர் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயதாகியிருந்தது. பொதுவாகக் கேட்டாள்.

"அப்போ ஆத்தா போய்ட்டாளா?"

அக்கா பால்வாடியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எங்க போறா? கோயில்லதான் இருக்கா. ஊடு ஊடா வரத மட்டும் உட்டுட்டா."

அம்மா அதை யோசித்துப் பார்த்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். "அவளுக்கும் வயசாவுதில்ல. எத்தினி ஊடு ஏறி எறங்குவா?"

அந்த ஆடியில் அம்மா வழக்கத்தைவிடப் பெரிய பானையில் கூழ் காய்ச்சினாள். அக்கா ஊற்றினாள். நைனா பானைக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் வெங்காயம் கொடுத்துக்கொண்டிருந்தார்.